நாற்பதும் முப்பதும்

கேமரா வாங்குவது என்று முடிவானதும் எங்கள் வீட்டில் நடந்த முதல் காரியம் சண்டை. நான் தில்லியில், தம்பி பெங்களூரில். நடுவே இரண்டாயிரம் கிலோமீட்டர் இருந்ததால் சண்டை தொலைபேசியோடு நின்றது. 2019 ஜனவரியில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் இதற்கே செலவாயின.

கேமரா எங்களுக்கல்ல, அப்பாவுக்கு. தபால் துறையில் 36 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாங்குநேரிப் பக்கம் சொந்த ஊர். 2018இல் அம்மா போன பிறகு அவரைத் தனியே விடக்கூடாது என்று தில்லிக்கு அழைத்து வந்துவிட்டேன். அழைத்து வந்தது சரிதானா என்ற சந்தேகம் எனக்குத் தினமும் வந்தது. 74 வயதில் இந்தி தெரியாத ஊர். மயூர் விகாரில் மூன்றாவது மாடி. காலையில் பேப்பர், பகலில் பால்கனி, இரவில் இரண்டு சப்பாத்தி. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். ஏழு மாதம் இப்படியே ஓடியது.

கீழ் வீட்டில் ஓய்வு பெற்ற வங்காளி ஒருவர் இருக்கிறார். அவர்தான் ஒரு நாள் அப்பாவை ஓக்லா பறவைகள் சரணாலயத்துக்குக் கூட்டிப் போனார். மெட்ரோவில் பொட்டானிக்கல் கார்டன் போய், வண்டி மாறினால் அடுத்த நிலையமே அதுதான். சரணாலயத்தின் பெயரையே நிலையத்துக்கும் வைத்திருக்கிறார்கள். யமுனையைத் தேக்கிய இடத்தில், நவம்பரிலிருந்து மார்ச் வரை வடக்கிலிருந்து வரும் வாத்துகள் கூட்டம் கூட்டமாக இறங்கும்.

அன்று இரவு சாப்பாட்டில் அப்பா பேசினார். அக்கரையில், மணல் திட்டில் வாத்துகள் நின்றனவாம். "அது கூந்தன்குளத்துக்கு வார வாத்தும்மா. தலையில ரெண்டு பட்டை இருக்கும். சின்னப்புள்ளையில எத்தன பார்த்திருக்கேன்" என்றார். கூட வந்த வங்காளி நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை. அது சாதாரணச் சாம்பல் வாத்து, இங்கே நிறைய வரும் என்று சொல்லிவிட்டார். தூரமோ அதிகம். தலையில் பட்டை இருந்ததா இல்லையா என்று அப்பாவாலும் சத்தியம் பண்ண முடியவில்லை.

மறுநாள் காலையில், "ஒரு கேமரா வாங்கணும்மா" என்றார்.

பைனாகுலர் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். பார்த்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து, சாலிம் அலி புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்றார். ஞாபகத்தை நம்ப முடியவில்லையாம். பணம் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். அம்மாவின் வைத்தியத்துக்கென்று எடுத்து வைத்ததில் செலவாகாமல் மிஞ்சியது கொஞ்சம் இருந்தது. அதைத் தொடாமல் வைத்திருந்தார். அதில் வாங்கலாம் என்றார்.

அந்தப் பணத்தில் தப்பான பொருளை வாங்கிவிடக் கூடாது. சண்டைக்குக் காரணம் இதுதான்.

பறவைப் படம் என்றால் எல்லோரும் நினைப்பது கைமுழம் நீளத்துக்கு லென்ஸ் மாட்டிய பெரிய கேமராவை. அதைத் தூக்க ஓர் ஆள் வேண்டும், வாங்க ஒரு கடன் வேண்டும். அப்பாவுக்குத் தேவை, ஜோல்னாப் பையில் போட்டுக்கொண்டு மெட்ரோவில் நிற்கக்கூடிய ஒன்று. சிகரெட் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஆனால் பட்டனை அழுத்தினால் லென்ஸ் தொலைநோக்கி மாதிரி நீளுகிற ரகம் ஒன்று உண்டு. 'காம்பாக்ட் சூப்பர்ஜூம்' என்பார்கள். சுற்றுலாக்காரர்களுக்காக உண்டானது. இந்த ரகத்தில் இரண்டு பெயர்கள் எங்கள் கையில் மிஞ்சின. இரண்டுமே 2018இல் வெளிவந்தவை. ஒன்று, கேனன் பவர்ஷாட் எஸ்.எக்ஸ்.740. இன்னொன்று, சோனி சைபர்ஷாட் எச்.எக்ஸ்.99.

கேனன் 40 மடங்கு. சோனி 30 மடங்கு.

"இதுல யோசிக்க என்னக்கா இருக்கு? நாற்பது பெருசா, முப்பது பெருசா?" என்றான் தம்பி. சாஃப்ட்வேர்காரன். அட்டவணை போட்டு அனுப்பியிருந்தான். கேனனில் 2 கோடியே 3 லட்சம் புள்ளிகள், சோனியில் 1 கோடியே 82 லட்சம். இதிலும் கேனனே மேல். விலையும் அன்று கடையில் கேட்ட கணக்கில் கேனன்தான் குறைவு. அந்த வித்தியாசமும் அப்பா விஷயத்தில் சின்னதல்ல.

எனக்கு மொழிபெயர்ப்புத் தொழில். பத்திரிகை வேலைக்கு நடுவே விளம்பரத் துண்டறிக்கைகளையும் தமிழ்ப்படுத்திக் கொடுத்திருக்கிறேன். அதனால் இந்த மாதிரி எண்களைக் கண்டால் முதலில் ஒரு கேள்வி எழும். எதற்கு நாற்பது மடங்கு? கண்ணுக்குத் தெரிவதைப் போல நாற்பது மடங்கா? அப்படித்தான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். அப்படி எடுத்துக்கொள்வதில் தயாரிப்பாளர்களுக்கும் ஆட்சேபம் இல்லை.

உண்மையில் அது வெறும் வகுத்தல் கணக்கு. லென்ஸின் மிக நீண்ட குவியத் தூரத்தை மிகக் குறுகியதால் வகுத்தால் வருவது. பழைய பிலிம் கேமரா அளவில் சொன்னால் கேனன் 24 மில்லிமீட்டரிலிருந்து 960 வரை போகிறது. 960ஐ 24ஆல் வகுத்தால் 40. சோனி 24லிருந்து 720 வரை. வகுத்தால் 30. கண் சாதாரணமாகப் பார்ப்பதற்குப் பக்கத்தில் வருவது 50 மில்லிமீட்டர் லென்ஸ். அதோடு ஒப்பிட்டால் 960 என்பது 19 மடங்கு, 720 என்பது 14 மடங்கு. நாற்பதாவது, முப்பதாவது!

இதையும் மொழிபெயர்க்கலாம். 100 மீட்டர் தள்ளி வாத்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 மில்லிமீட்டரில் படத்தின் அகலத்தில் 150 மீட்டர் கரை அடங்கும். வாத்து ஓர் எள். சோனியை முழுக்க நீட்டினால் படத்தில் அடங்குவது 5 மீட்டர் அகலம். கேனனில் 3.75 மீட்டர். வாத்து முக்கால் மீட்டர் நீளம் என்றால் சோனி படத்தின் அகலத்தில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு, கேனனில் ஐந்தில் ஒரு பங்கு. இன்னொரு விதமாகச் சொன்னால், 40 மீட்டரில் நிற்கும் பறவையை நோக்கிப் பத்து மீட்டர் நடந்தால் சோனிக்காரர் கேனன்காரரைப் பிடித்துவிடுவார்.

"தண்ணியில எப்படிக்கா நடப்பார்?" என்றான் தம்பி. நியாயமான கேள்வி. ஓக்லாவில் வாத்துக்கும் அப்பாவுக்கும் நடுவே இருப்பது யமுனை. அங்கே பத்து மீட்டர் என்பது பத்து மீட்டர்தான். அந்தச் சுற்றில் அவன் ஜெயித்தான்.

புள்ளிக் கணக்கில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு கேமராவிலும் படம் விழும் சில்லு ஒரே அளவு. '1/2.3 அங்குலம்' என்று போட்டிருப்பார்கள். அளந்து பார்த்தால் எந்தப் பக்கமும் அந்த அளவு வராது. பழைய காலத்துத் தொலைக்காட்சிக் கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளிவிட்டத்தை வைத்துப் பேசிய வழக்கம், குழாய் போன பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உண்மையான அளவு சுமார் 6.2 மில்லிமீட்டருக்கு 4.6. சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. பழைய பிலிம் சட்டத்தின் பரப்பு இதைப்போல முப்பது மடங்கு.

இந்தச் சின்ன இடத்தில் இரண்டு கோடிப் புள்ளிகளை அடைத்தால் ஒரு புள்ளிக்குக் கிடைப்பது ஒரு மைக்ரானும் கொஞ்சமும். லென்ஸை முழுக்க நீட்டும்போது அதன் வாய் சுருங்கிவிடுகிறது. கேனனில் எஃப் 6.9, சோனியில் எஃப் 6.4. இவ்வளவு குறுகிய வாய் வழியே நுழையும் ஒளி தன் சுபாவப்படி கொஞ்சம் பரவத்தான் செய்யும். கேனனின் முழு நீட்டத்தில் ஒரு பொட்டு ஒளி பரவும் வட்டம் ஏழெட்டுப் புள்ளிகளின் அகலத்துக்கு வந்துவிடுகிறது. சோனியிலும் ஏறக்குறைய அதே கதை. ஆகவே, தூரத்துப் பறவை விஷயத்தில் அந்த இருபத்தோரு லட்சம் கூடுதல் புள்ளிகள் வெறும் அலங்காரம். யார் செய்தாலும் இயற்பியலை ஏமாற்ற முடியாது. வேண்டுமானால் நான்கு மடங்கு பரப்புள்ள 'ஒரு அங்குல' சில்லு வைத்த பாக்கெட் கேமராக்களும் அப்போது வந்திருந்தன. படம் துல்லியம். ஆனால் பானசோனிக் அதில் தந்த அதிகபட்ச எட்டு 360 மில்லிமீட்டர். வாத்து பாதியாகிவிடும். விலையோ மேலே போய்விடும். சின்ன உடம்பு, நீண்ட எட்டு, பெரிய சில்லு - மூன்றில் இரண்டுதான் கிடைக்கும்.

அப்போது ஒன்று நடந்தது. மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. நானும் தம்பியும் ஸ்பீக்கரில் கத்திக்கொண்டிருந்தோம். அப்பா உள்ளே வந்து, "எதுக்கு இவ்வளவு சத்தம்? வேண்டாம், விடுங்க. அந்தப் பணம் அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் பால்கனிக்குப் போய்விட்டார். இரவில் மறுபடி கேட்ட கேள்விக்கு மட்டும் பதில்.

வயதானவர்கள் ஒன்று கேட்பதே அபூர்வம். கேட்டதற்காக வெட்கப்பட வைத்துவிட்டோம். தம்பியும் அதைப் புரிந்துகொண்டான். "நீ அவரைக் கடைக்குக் கூட்டிட்டுப் போக்கா. கையில பிடிச்சுப் பார்த்து அவரே சொல்லட்டும்" என்றான். இத்தனை நாளும் எங்கள் இருவருக்கும் தோன்றாத யோசனை இது. கேமரா யார் கைக்கோ, அந்தக் கை இதுவரை இரண்டையும் தொடவில்லை.

பழைய தில்லியில் ஒரு சந்து. வரிசையாகக் கேமராக் கடைகள். நாங்கள் நுழைந்த கடைக்காரர் இரண்டையும் எடுத்து மேஜையில் வைத்தார். எதை முதலில் விற்க ஆசைப்பட்டார் என்பது "சாலீஸ் எக்ஸ், அங்கிள்ஜி, சாலீஸ் எக்ஸ்!" என்று அவர் சொன்ன உற்சாகத்திலேயே தெரிந்தது. அப்பாவை வாசலுக்கு அழைத்து வந்தேன். எதிர்க் கட்டடத்தின் தண்ணீர்த் தொட்டிமேல் ஒரு கரும்பருந்து. தில்லியில் காக்கைக்கு அடுத்தபடி அதுதான்.

முதலில் கேனன். அதற்குக் கண் வைத்துப் பார்க்கும் துவாரம் கிடையாது. பின்பக்கத் திரையைப் பார்த்துத்தான் குறி வைக்க வேண்டும். அப்பா வழக்கம்போல மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். திரை மங்கல். இறக்கினார். இரட்டைக் கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகத் திரை தெரிய, தலையை அண்ணாந்தார். இப்போது திரை தெரிந்தது, பருந்து எந்தப் பக்கம் என்பது போய்விட்டது. கையை நீட்டிப் பிடித்தார். நீட்டிய கை நடுங்கியது. மேலே வெயில். திரையில் அப்பாவின் முகமே பிரதிபலித்தது. லென்ஸை முழுக்க நீட்டினார். தொட்டியின் விளிம்பு, வானம், யாரோ காயப்போட்ட புடவை, மறுபடி வானம். பருந்து மட்டும் அகப்படவில்லை.

கேனனில் இதற்கு ஒரு வசதி உண்டு. ஒரு பட்டனை அழுத்தினால் லென்ஸ் சட்டென்று பின்வாங்கி விசாலமாகக் காட்டும். விட்டால் மறுபடி பழைய இடத்துக்கு நீளும். தொலைந்த பறவையைத் தேடத்தான் அது. கடைக்காரர் செய்து காட்டினார். அவர் கையில் அழகாக வேலை செய்தது. அப்பாவின் பெருவிரல் அந்தப் பட்டனைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பருந்து எழுந்து ஒரு வட்டமடித்துவிட்டு மறுபடி வந்து உட்கார்ந்தது.

அடுத்து சோனி. மூலையில் ஒரு விசையைத் தள்ளினால் குட்டி ஜன்னல் ஒன்று மேலே எழும்புகிறது. உள்ளே 0.2 அங்குலத் திரை. சாவித் துவாரம் வழியாக அடுத்த வீட்டைப் பார்ப்பதுபோல இருக்கும், பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. பக்கத்தில் ஒரு சின்னத் திருகு. பார்ப்பவரின் கண்ணுக்கு ஏற்றபடி அதைத் திருப்பிக்கொள்ளலாம். அப்பா கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். ஜன்னலைக் கண்ணோடு வைத்தார். திருகை மெல்லத் திருப்பினார். இரண்டு முழங்கைகளும் தாமாகவே விலாவில் ஒடுங்கின. கேமரா நெற்றியில் பதிந்தது. அப்படியே சிறிது நேரம் நின்றார்.

"கெடச்சுட்டும்மா" என்றார்.

எந்த அட்டவணையிலும் இதற்கு ஒரு கட்டம் கிடையாது. இரண்டு கேமராவிலும் கைநடுக்கத் தடுப்பு உண்டு. உள்ளே இருக்கும் கண்ணாடி வில்லை கையின் அசைவுக்கு எதிராக அசைந்து சரிக்கட்டும். பழைய விதிப்படி 960 மில்லிமீட்டருக்கு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகம் தேவை. இந்தத் தடுப்பு இருந்தால் நூற்றுச் சொச்சத்தில் ஒரு பங்கில்கூட ஓரளவு தெளிவாக எடுக்கலாம். ஆனால் அது சாதாரண நடுக்கத்துக்குச் செய்தது. நீட்டிய கையில் முதுமையின் ஆட்டத்தையும் சேர்த்துச் சமாளிக்க அதற்குத் திராணி இல்லை. முகத்தில் பதித்துப் பிடிக்கும்போது இரண்டு கைகளோடு தலையும் தாங்குகிறது. மூன்று கால் முக்காலி. 960க்குள் பறவை வரவே இல்லை என்றால், அந்த 960ஆல் யாருக்கு என்ன லாபம்?

எனக்கு அந்த வருஷம்தான் வெள்ளெழுத்து தொடங்கியிருந்தது. தமிழ் எம்.ஏ. படித்தவள் என்பதால் இப்படிப்பட்ட நேரத்தில் அகராதிதான் ஞாபகம் வரும். வெள்ளெழுத்தை நம் ஊரில் சாளேசுரம் என்றும் சொல்வார்கள். இந்தியில் நாற்பதைக் குறிக்கும் 'சாலீஸ்' என்ற சொல்லிலிருந்து அது வந்தது. நாற்பது வயதில் வருகிற கோளாறு என்று பொருள். "சாலீஸ் எக்ஸ்" என்று கடைக்காரர் கூவும்போது, எதிரே நின்ற இரண்டு பேர் கண்ணிலும் 'சாலீஸ்' இருந்தது. அவர் விற்ற நாற்பதும் எங்களுக்கு வந்த நாற்பதும் ஒத்துப்போகவில்லை.

சோனியையே வாங்கினோம். அது 57 கிராம் இலேசு. தொடுதிரை உண்டு. பிற்பாடு கணினியில் திருத்த விரும்புகிறவர்களுக்குச் செப்பனிடாத 'ரா' கோப்பாகவும் படம் தரும், கேனனில் அது கிடையாது. இதெல்லாம் உபரி. அப்பா இன்றுவரை அந்தப் பட்டியலுக்குள் போனதில்லை. "பில் போடவா, பில் இல்லாமல் கொஞ்சம் குறைத்துத் தரவா?" என்று கடைக்காரர் கேட்டபோது அப்பா பில் கேட்டார். தபால்காரர் ரசீது இல்லாமல் எதையும் வாங்க மாட்டார்.

தம்பிக்குத் தகவல் சொன்னேன். ஒரு நிமிடம் மௌனம். "பத்து மீட்டர் போச்சு" என்றான். பிறகு, "கழுத்துல மாட்டற வாரு நான் அனுப்பறேன்" என்றான்.

பிப்ரவரி முதல் வாரத்தில் ஓக்லா. தூரத்தை இழுத்துப் பிடிக்கும் லென்ஸ், நடுவிலிருக்கும் காற்றையும் சேர்த்தே படமெடுக்கும் என்பது அங்கே போனதும் விளங்கியது. தில்லிக் குளிர்காலத்தில் எட்டு மணி வரை பனியும் புகையுமாக எல்லாம் சாம்பல் பூசிக் கிடக்கும். பத்தரைக்குமேல் வெயில் ஏறினால் கரையிலிருந்து கானல் எழும்பி பறவையின் விளிம்பைக் கலக்கும். அப்பா கண்டுபிடித்த நேரம் ஒன்பதிலிருந்து பத்து. முதல் நாள் எடுத்த 140 படங்களில் 100க்கு மேல் தண்ணீர். மிச்சத்தில் நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி, ஊசிவால் வாத்து. மணல் திட்டு காலியாக இருந்தது.

மூன்றாவது தடவை போனபோது திட்டில் வாத்துகள் இருந்தன. வீட்டுக்கு வந்து படத்தைக் கணினியில் பெரிதாக்கினோம். பத்திரிகையில் போடுகிற தரம் அல்ல. இறகெல்லாம் நீர்வண்ணம் தீட்டியதுபோலக் குழைந்திருந்தது. ஒளி பரவும் சமாச்சாரம் முன்பே சொன்னேனே. ஆறு வாத்துகள் சாம்பல் தலை. வங்காளி நண்பர் சொன்னது சரி. வலது ஓரத்தில் இரண்டு வாத்துகளுக்கு வெள்ளைத் தலை. பின்மண்டையில் கறுப்பாக, ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு கோடுகள். அப்பா சொன்னதும் சரி.

பட்டைத்தலை வாத்து. மத்திய ஆசியாவிலும் திபெத்திலும் குஞ்சு பொரித்து, இமயத்தைத் தாண்டி வருகிறது. ஓக்லாவில் இறங்குவதும் அதுவே, திருநெல்வேலிச் சீமையில் கூந்தன்குளம் வரை போவதும் அதுவே. அப்பா வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு தூரம் வந்துட்டு, இன்னும் கொஞ்சம்தானே" என்றார். வாத்தைச் சொன்னாரா, தெரியாது. அடுத்த டிசம்பரில் அவரை ஒரு மாதம் ஊருக்கு அழைத்துப் போனேன். கேமராவும் வந்தது.

இது நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. இந்த ரகக் கேமராக்களின் கதையும் மாறிவிட்டது. 2010இல் ஜப்பானியக் கேமராத் தயாரிப்பாளர் சங்கத்தின் கணக்குப்படி உலகமெங்கும் அனுப்பப்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் சுமார் 12 கோடி. 2023இல் அது 77 லட்சம். செல்போன் விழுங்கிவிட்டது. 2020இல் சாம்சங் தன் கேலக்ஸி எஸ்20 அல்ட்ராவில் '100 மடங்கு' என்று எழுதியே ஒட்டியது. தம்பி வாங்கினான். லென்ஸின் சொந்த எட்டு அதில் ஒரு சிறு பகுதி. மீதி, உள்ளே இருக்கும் கணினியின் கைவேலை. நாற்பதுக்கும் முப்பதுக்கும் சண்டை போட்டவன், இப்போது நூறைப் பற்றிப் பேச்செடுப்பதில்லை. 2025 தொடக்கத்தில் பானசோனிக் தன் பழைய 30 மடங்கு மாடலைப் புதுப்பித்து டி.இசட்.99 என்று வெளியிட்டது. புதுச் சார்ஜர் துளை வந்தது. பழையதில் இருந்த கண் ஜன்னல் போய்விட்டது. செய்தியைப் படித்தபோது, இதை முடிவு செய்தவருக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

புதிதோ, கைமாறியதோ, இந்த ரகத்தில் ஒன்றை வாங்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. மடங்குக் கணக்கை மறந்துவிட்டு, மில்லிமீட்டரைக் கேளுங்கள். புள்ளிக் கணக்கில் இருபது முப்பது லட்சம் கூடக் குறைய இருந்தால் கவலைப்படாதீர்கள். கடைக்குள் பார்க்காதீர்கள், வாசலுக்கு வந்து வெயிலில் பாருங்கள். லென்ஸை முழுக்க நீட்டி, தூரத்தில் இருக்கும் ஒரு சின்னப் பொருளை மூன்று தடவை கண்டுபிடித்துப் பாருங்கள். மூன்றில் இரண்டு தடவையாவது அகப்பட வேண்டும். பழையது என்றால், வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். நீண்டு சுருங்கும் லென்ஸ் தூசியை உள்ளே உறிஞ்சும். அது கறுப்புப் பொட்டாகத் தெரியும். ஊருக்கு ஊர் புழுதி இருக்கும் தேசத்தில் இது முக்கியம். கூடுதலாக ஒரு பேட்டரி வாங்கிக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, யாருக்கு வாங்குகிறீர்களோ அவரை அழைத்துப் போங்கள். நாங்கள் அதைச் செய்ய மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

அப்பாவின் கேமராவிலும் போன வருஷம் ஒரு பொட்டு வந்துவிட்டது. படத்தின் இடது மேல்மூலையில், மிளகு அளவு. பழுது பார்ப்பவர், இதைத் திறக்கிற கூலிக்கு இன்னொன்று வாங்கலாம் என்றார். அப்பா திறக்கவும் விடவில்லை, இன்னொன்றும் கேட்கவில்லை. அந்த மூலையில் பறவை வராதபடி பிடிக்கப் பழகிக்கொண்டார்.